ஆற்றங்கரை முகாம் தளங்களில் அறிவிப்புப் பலகை: எங்கே நடுவது, என்ன எழுதுவது?

பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ வந்துவிட்டால், நாட்டின் ஆற்றோரங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். உலு லங்காட்டின் சுங்கை சொங்காக், சுங்கை காபாய், நெகிரி செம்பிலானின் உலு பெண்டுல், பேராவின் லாத்தா கிஞ்சாங், கெடாவின் சுங்கை செடிம் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் குடும்பங்கள் விரும்பிச் செல்லும் இடங்கள் உள்ளன. இவை தவிர, ஆற்றை ஒட்டிய டுரியான் தோப்பிலும் பழைய தோட்ட நிலத்திலும் தனியார் நடத்தும் சிறிய முகாம் தளங்களும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி முகாம்கள், ஆலய இளைஞர் பிரிவின் ஒன்றுகூடல்கள், உறவினர்கள் சேர்ந்து போடும் கூடாரங்கள் என்று நம்மவர்களும் இங்கே அதிகம் செல்கிறார்கள்.

இத்தகைய தளங்களில் கழிப்பறை, விளக்கு, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் யோசித்த பிறகு, கடைசியாக நினைவுக்கு வருவது அறிவிப்புப் பலகை. 'ஆபத்து' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகையை அடித்து வைத்தால் கடமை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாதி வேலைதான். ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று சொல்வது மற்றப் பாதி. ஆற்றோரத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியே.

முகாம் தளம் நடத்துவோர், பள்ளி முகாமுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள், இளைஞர் அமைப்பினர் ஆகியோர் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கெப்பாலா ஆயர்: முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

மலையடிவார ஆறுகளின் மிகப் பெரிய ஆபத்து திடீர் நீர்ப்பெருக்கு. மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். மலையின் மேல் பகுதியில் கனமழை பெய்யும்போது, குறுகலான ஓடைகள் வழியாக நீர் ஒரே நேரத்தில் கீழே இறங்குகிறது. சில வேளைகளில் விழுந்த மரங்களும் கிளைகளும் மேலே அணைபோல் அடைத்துக்கொண்டு நீரைத் தேக்குகின்றன. அந்த அடைப்பு உடைந்தால், தேங்கிய நீர் மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வரும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. முகாம் தளத்தில் ஒரு சொட்டு மழைகூட விழாமல் இருக்கலாம். கீழே வெயில் அடிக்க, பிள்ளைகள் கணுக்கால் அளவு நீரில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்துவிடும். தப்பிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். சில இடங்களில் அதுவும் இல்லை.

2021 ஆகஸ்டு 18 அன்று கெடாவில் குனோங் ஜெராய் மலையில் பெய்த கனமழைக்குப் பின், அடிவாரத்து யான் வட்டாரத்தில் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் அடித்துக்கொண்டு இறங்கியது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அந்த ஆறுகள் குடும்பங்கள் குளித்து மகிழும் இடங்களாகவே இருந்தன.

வெள்ளம் வருமுன் ஆறு சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். இலை, சுள்ளி, கிளைகள் மிதந்து வரும். நீர்மட்டம் சட்டென்று உயரும். மேற்பக்கத்திலிருந்து இரைச்சல் கேட்கும். மலைமேல் கருமேகம் கவிந்திருக்கும். நீரில் இறங்கும் படிக்கட்டின் அருகே வைக்கும் பலகையில் இந்த அறிகுறிகள் படத்துடன் இருக்க வேண்டும். கூடவே, 'உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லுங்கள்' என்ற ஒரே கட்டளையும் இருக்க வேண்டும்.

நிறமும் வடிவமும்

பாதுகாப்புப் பலகைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 7010 என்ற அனைத்துலகத் தரம் உள்ளது. அதன்படி நிறமும் வடிவமும் சேர்ந்தே பொருள் தருகின்றன. எழுத்துத் தெரியாதவருக்கும், மலாய் அறியாத வெளிநாட்டுப் பயணிக்கும், இன்னும் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் இது புரியும்.

• மஞ்சள் முக்கோணம், கறுப்புப் படம்: எச்சரிக்கை. ஆழமான நீர், வழுக்கும் பாறை, திடீர் நீர்ப்பெருக்கு.
• சிவப்பு வட்டம், குறுக்குக் கோடு: தடை. குளிக்கத் தடை, பாறையிலிருந்து குதிக்கத் தடை.
• நீல வட்டம்: கட்டாயம் செய்ய வேண்டியது. மிதவைச் சட்டை அணிதல் போன்றவை.
• பச்சைச் சதுரம் அல்லது செவ்வகம்: பாதுகாப்பு. வெளியேறும் வழி, ஒன்றுகூடுமிடம், முதலுதவி.
• சிவப்புச் சதுரம்: தீயணைப்புக் கருவி இருக்கும் இடம்.

பல தளங்களில் காணும் குறை, எல்லாப் பலகையும் சிவப்பாக இருப்பது. குப்பை போடாதீர், சத்தம் போடாதீர், சமைக்காதீர், குளிக்காதீர் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகிவிடும். உயிரைக் காக்கும் பலகையும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். குப்பை, அமைதி நேரம் போன்ற பொது விதிகளை நுழைவாயிலில் ஒரே தகவல் பலகையில் சேர்த்துவிடலாம். நீர்க்கரையில் நீரைப் பற்றிய பலகை மட்டும் நிற்கட்டும்.

எங்கே நட வேண்டும்

மனிதர் ஒரு முடிவெடுக்கும் இடத்தில்தான் பலகைக்கு வேலை. அப்படிப் பார்த்தால் முக்கியமான இடங்கள் ஆறு.

முதலாவது, நுழைவாயில். இங்கே தங்கலாமா, திரும்பிவிடலாமா என்று குடும்பம் யோசிக்கும் இடம் இது. தளத்தின் வரைபடம், அன்றைய வானிலை நிலவரம், பொறுப்பாளரின் தொலைபேசி எண் ஆகியவை இங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது, நீரில் இறங்கும் வழி. நீர்ப்பெருக்கின் அறிகுறிகளும், ஏற வேண்டிய திசையும் இங்கே.

மூன்றாவது, ஆழமான மடு. மலாயில் 'லுபோக்' எனப்படும் இந்த இடங்கள் மேலே அமைதியாகத் தெரியும். அடியில் சுழல் இருக்கும். பலகை மடுவைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. மடுவை நோக்கி நடந்து வருபவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

நான்காவது, கூடார எல்லை. ஆற்றுக்கு இதற்குமேல் நெருங்கிக் கூடாரம் போடக் கூடாது என்பதைக் காட்டும் கம்பங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டுதலில், ஆற்றின் அகலத்தைப் பொறுத்து கரையிலிருந்து 5 முதல் 50 மீட்டர் வரையிலான பகுதி ஆற்று ஒதுக்கு நிலமாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய வெள்ளம் மரங்களில் விட்டுச்சென்ற சேற்றுத் தடத்தையும், கிளைகளில் சிக்கிய குப்பையையும் பார்த்தால் நீர் எதுவரை வந்தது என்று தெரியும். அதற்கு மேலேதான் எல்லை.

ஐந்தாவது, கழிப்பறைப் பாதை. இரவில் எல்லோரும் கட்டாயம் ஒருமுறையாவது நடக்கும் வழி இது. வெளியேறும் திசை காட்டும் பச்சைப் பலகையை இங்கே வைத்தால், ஒவ்வொருவரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆறாவது, ஒன்றுகூடுமிடம். வெள்ளத் தடத்துக்கு மேலே, சரிவுக்கு அடியில் இல்லாத திறந்த மேடு. அங்கு போகும் பாதை ஆற்றையோ ஓடையையோ கடக்கக் கூடாது.

நுழைவாயில் வரைபடத்தில் செய்யப்படும் ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். வடக்கு மேலே இருக்கும்படி வரைவது புத்தக வழக்கம். பலகைக்கு அது பொருந்தாது. பலகையைப் பார்த்து நிற்பவருக்கு முன்னால் என்ன இருக்கிறதோ, அது வரைபடத்தின் மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கு வலப்பக்கம் ஆறு என்றால் படத்திலும் வலப்பக்கமே ஆறு. பதற்றத்தில் யாரும் வரைபடத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒவ்வொரு கூடார இடத்துக்கும் ஒரு எண் கொடுத்துச் சிறு கம்பத்தில் எழுதுவது செலவு குறைந்த, ஆனால் மிகப் பயனுள்ள ஏற்பாடு. 999-க்கு அழைப்பவர் 'ஆற்றோரமாக இருக்கிறோம்' என்று சொன்னால் மீட்புக் குழு எங்கே தேடும்? தளத்தின் பெயர், கூடார எண், புவியிடக் குறியீடு மூன்றும் பலகையில் இருந்தால் அப்படியே வாசித்துச் சொல்லிவிடலாம். கைப்பேசி அலைவரிசை கிடைக்காத தளமாக இருந்தால், எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் எழுத வேண்டும்.

வாசகம்: குறைவாக, தெளிவாக

பலகை வாசகத்துக்கு மூன்று விதிகள் போதும். ஒரு பலகையில் ஒரு செய்தி. ஐந்து சொற்களுக்குள் தலைப்பு. என்ன ஆபத்து என்பதோடு என்ன செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்தே வர வேண்டும்.

'ஆபத்து! கவனமாக இருங்கள்!' என்ற வாசகத்தைப் படித்தவருக்கு எதுவும் தெரியவில்லை. 'ஆழமான நீர். இறங்காதீர்கள்.' என்றால் புரிகிறது. 'நீர் கலங்கினால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்' என்று எழுதி அம்புக்குறியும் போட்டால், எட்டு வயதுப் பிள்ளையும் செயல்படும்.

அடிக்கடி தேவைப்படும் மலாய் வாசகங்களுக்கு இணையாக எழுதக்கூடிய தமிழ் வாசகங்கள் இவை:

• டிலாராங் மண்டி: குளிக்கத் தடை
• டிலாராங் பெர்கேமா: கூடாரம் அமைக்கத் தடை
• ஆயர் டாலாம்: ஆழமான நீர்
• ஆவாஸ், கெப்பாலா ஆயர்: எச்சரிக்கை, திடீர் நீர்ப்பெருக்கு
• லாலுவான் கெச்செமாசான்: அவசர வழி
• தெம்பாட் பெர்கும்புல்: ஒன்றுகூடுமிடம்

இதில் 'கெப்பாலா ஆயர்' தனிக் கவனம் பெற வேண்டிய சொல். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'தண்ணீர்த் தலை' என்றாகிவிடும். படிப்பவர் சிரித்துவிட்டு நீரில் இறங்குவார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்ததை அப்படியே பலகையில் ஏற்றுவதன் ஆபத்து இதுதான். அதேநேரத்தில், நம் மக்களில் பலருக்குப் பேச்சுவழக்கில் கெப்பாலா ஆயர் என்ற சொல்லே பழக்கம். ஆகவே மலாய் வரி மேலே இருக்கும்போதே, கீழே 'திடீர் நீர்ப்பெருக்கு' என்று எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

ஒற்றுப் பிழையும் சாதாரண விஷயமல்ல. 'குளிக்க தடை', 'ஆபத்து பகுதி' என்று எழுதிய பலகைகள் நிறைய. 'குளிக்கத் தடை', 'ஆபத்துப் பகுதி' என்பவையே சரி. ஓர் எழுத்துதானே என்று தோன்றலாம். ஆனால் தமிழ்ப்பள்ளி மாணவர் முகாமுக்கு வரும் இடத்தில் பலகையும் ஒரு பாடநூல்தான். பிழையோடு நிற்கும் பலகையை ஆசிரியர் சுட்டிக்காட்டிச் சிரிக்கும் நிலை வந்தால், அதன் எச்சரிக்கைக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

அச்சகத்தில் உடையும் தமிழ்

சரியாக எழுதிக் கொடுத்த வாசகமும் அச்சாகி வரும்போது சிதைந்துவிடுவதுண்டு. பலகை அச்சிடும் கடைகள் பலவற்றில் தமிழ் தெரிந்தவர் இருப்பதில்லை. அவர்கள் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கப்படாமல் இருந்தால், ஒட்டிய தமிழ் எழுத்துகள் பிரிந்துவிடும். 'மே' என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். 'கொ' இரண்டு துண்டாகும். புள்ளிகள் நகரும் அல்லது மறையும். அச்சிடுபவருக்கு அது பிழையாகத் தெரியாது.

இதைத் தவிர்க்க வழி எளிது. தமிழ் வாசகத்தைக் கைப்பேசிச் செய்தியாக மட்டும் அனுப்பாமல், சரியாகத் தெரியும் படத்தையோ பி.டி.எஃப். கோப்பையோ கூடவே கொடுக்க வேண்டும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய கோப்பு என்றால் எந்தக் கணினியிலும் உடையாது. அச்சுக்கு முன் மாதிரித் தாளைத் தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். அலுமினியத்தில் ஏறிவிட்டால் திருத்த முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

எழுத்தின் அளவு

3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயர எழுத்து என்பது பலகைத் தொழிலில் பயன்படும் எளிய கணக்கு. 12 மீட்டர் தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க வேண்டுமானால் 100 மில்லிமீட்டர் உயர எழுத்து தேவை. தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, ணை போன்றவை மிகத் தடித்த எழுத்துருவில் உள்ளே அடைபட்டுக் கரும்புள்ளியாகத் தெரியும். அதனால் நடுத்தரத் தடிப்புள்ள எழுத்துருவே நல்லது. வரிகளுக்கு இடையிலும் மலாயைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் மேல்விலங்கும் மோதிக்கொள்ளும்.

இரவுக்கென்று தனி யோசனை வேண்டும். சாலைப் பலகைகளில் பயன்படும் ஒளி திருப்பும் ஒட்டுப்படலம் முகாம் தளத்துக்கு ஏற்றது. டார்ச் விளக்கின் ஒளி பட்டவுடன் அது பிடித்திருப்பவரின் கண்ணுக்கே திரும்பி வரும். இருளில் தானாக ஒளிரும் வகைப் பலகை பகலில் போதிய வெளிச்சத்தை வாங்கியிருந்தால்தான் இரவில் ஒளிரும். அடர்ந்த மரநிழலில் அது ஏமாற்றிவிடும்.

பொருளும் நடும் முறையும்

பேனர் துணி மலிவு. ஆனால் நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் நிறம் போய்க் கிழிந்துவிடும். ஒரு வார நிகழ்ச்சிக்கு அது சரி. நிரந்தர எச்சரிக்கைக்கு ஆகாது. மரப்பலகை காட்டுக்கு அழகாக இருக்கும். கரையானும் ஈரமும் அதை விட்டுவைக்காது. அலுமினியத் தகடு அல்லது அலுமினியக் கூட்டுத்தகட்டின் மேல் ஒட்டுப்படலம், அதற்கு மேல் வெயில் தாங்கும் மெல்லிய உறை என்பது நீண்ட நாள் நிற்கும் அமைப்பு. மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். பிள்ளைகள் ஓடும் இடத்தில் கூர்மூலை ஆபத்து.

மரத்தில் ஆணி அடித்துப் பலகை மாட்டக் கூடாது. ஆணிக் காயம் வழியாக மரத்துக்கு நோய் புகும். மரம் பருக்கும்போது தகடும் வளைந்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே கம்பத்துக்கு ஏற்றது. கம்பத்தின் மொத்த நீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். குழியில் கான்கிரீட் ஊற்றி, மேற்பரப்பை வெளிப்பக்கமாகச் சரித்துவிட்டால் கம்பத்தின் அடியில் நீர் தேங்காது. குழாயின் அடிப்பகுதியில் ஒரு குறுக்குக் கம்பியைப் பற்றவைத்தால், யாரும் பலகையைப் பிடித்துத் திருப்பிவிட முடியாது. திசை காட்டும் பலகைக்கு இது மிக முக்கியம்.

கரையின் விளிம்பில் குழி தோண்டக் கூடாது. ஆறு அரிக்கும் மண்ணில் நின்ற கம்பம், தேவைப்படும் நாளில் வெள்ளத்தோடு போயிருக்கும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக அமையும்.

இருபக்கமும் அச்சிடும் திசைப்பலகையில் ஒரு பொறி உண்டு. முன்பக்கம் அம்பு வலப்புறம் காட்டினால், பின்பக்கம் இடப்புறம் காட்ட வேண்டும். ஒரே கோப்பை இரண்டு பக்கமும் அச்சிட்டுவிட்டால், ஒரு பக்கத்தின் அம்பு மக்களை ஆற்றை நோக்கி அனுப்பும்.

ஆகவே நிரந்தரமாக நடுவதற்கு முன் ஓர் ஒத்திகை நல்லது. அட்டையில் எழுதிக் குச்சிகளில் மாட்டி, அந்தத் தளத்துக்கு முன்பின் வராத ஒருவரை இரவில் டார்ச் விளக்குடன் நடக்கவிட்டுப் பார்க்கலாம். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே ஒரு பலகை குறைகிறது.

அனுமதி

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து அனுமதி மாறும். நிரந்தர வனக் காப்பகம் என்றால் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் மாநில வனத்துறையை நாட வேண்டும். ஆற்று ஒதுக்கு நிலம் என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. சிலாங்கூரில் லுவாஸ் எனப்படும் மாநில நீர் நிர்வாக வாரியமும் உண்டு. சாலையோரத்திலோ பொது இடத்திலோ வழிகாட்டிப் பலகை வைக்க ஊராட்சி மன்றத்தின் உரிமம் தேவை.

மொழி பற்றிய விதியும் அங்கேதான் வருகிறது. ஊராட்சி மன்றங்களின் விளம்பரத் துணைச் சட்டங்கள் தேசிய மொழி கட்டாயம் என்றும், அதுவே மற்ற மொழிகளைவிட முதன்மையாகத் தெரிய வேண்டும் என்றும் கேட்கின்றன. தமிழைச் சேர்க்க அது தடையல்ல. மலாய் வாசகத்தை டேவான் பகாசா டான் புஸ்தாகாவிடம் சரிபார்த்துக்கொண்டால் விண்ணப்பத்தில் சிக்கல் குறையும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை பலகைகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பாசி படிந்திருக்கும், கொடி மூடியிருக்கும், கம்பம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றின் போக்கே மாறலாம். போன மாதம் ஆழமில்லாத இடம் இந்த மாதம் மடுவாகியிருக்கும். பலகையும் அதற்கேற்ப நகர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் வரும் பருவமாற்றக் காலத்தில் மேற்குக்கரை மாநிலங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. இவற்றுக்கு முன்பே பழுதுபார்த்துவிட வேண்டும்.

தகவல் பலகையில் உடல்நலக் குறிப்பு ஒன்றும் இருக்கட்டும்: காயத்துடன் நீரில் இறங்க வேண்டாம். 2010-இல் பகாங், மாரானின் லுபோக் யூவில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களிடையே எலிச்சிறுநீர் நோயும் மெலியோய்டோசிஸ் நோயும் பரவி உயிரிழப்பு நேர்ந்தது. ஆற்றில் குளித்துத் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், ஆற்றுக்குச் சென்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

பலகையால் முடியாதது

2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். மக்கள் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே எந்தப் பலகையும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. தவறான இடத்தில் அமைந்த தளத்தைப் பலகை சரியாக்காது. உரிமம், சரிவின் நிலை, ஆற்றுக்கும் கூடாரத்துக்கும் உள்ள தூரம் ஆகியவை முதலில். பலகை அதன் பிறகுதான். மலையில் கனமழை என்று வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கும் நாளில் செய்ய வேண்டியது, வாயிலில் 'இன்று மூடப்பட்டுள்ளது' என்று மாட்டுவதே. நடத்துபவருக்கு அது வருமான இழப்பு. ஆனாலும் தளத்தில் இருக்கும் பலகைகளில் மிக முக்கியமானது அதுதான்.

முகாமுக்குச் செல்வோர் கூடாரத்தை விரிக்குமுன் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம்: வெளியேறும் வழி காட்டும் பச்சைப் பலகை இருக்கிறதா, அந்த வழி உண்மையிலேயே மேட்டுக்குப் போகிறதா, தளத்தின் பெயரும் அவசர எண்ணும் எழுதப்பட்டுள்ளதா, மரங்களில் பழைய வெள்ளத் தடம் எந்த உயரத்தில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். பலகை இல்லாத தளமாக இருந்தால், மேட்டுக்குப் போகும் வழியை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு கூடாரத்தைப் பிரிக்கலாம்.